எது முதலில் உடைய வேண்டும்

என் பெரியப்பாவின் லேத் பட்டறை வானகரத்தில் அமைந்ததற்கு ஒரே காரணம், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் வாடகை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதுதான். 1964-இல் எஸ்டேட் தொடங்கிச் சில வருஷங்களிலேயே அப்ரெண்டிஸாக உள்ளே நுழைந்தவர். ஷெட்டு ஷெட்டாக மாறி டர்னரானார். கடைசியாக வேலை பார்த்த இடத்தை இழுத்து மூடியபோது, வரவேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பழைய கிர்லோஸ்கர் லேத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஹரிஹரில் செய்த எண்டர்பிரைஸ் மாடல். அதை இறக்கி வைக்க இடம் தேடியபோது, அயனம்பாக்கம் போகிற வழியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரியம்மா மாடு கட்டிவந்த கொட்டகை இருந்தது. மாட்டை விற்றார்கள். அதற்காகப் பெரியம்மா அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்றைக்கு வானகரம் என்றால் மீன் மார்க்கெட்டையும், பெரிய ஆஸ்பத்திரியையும், கட்சிப் பொதுக்குழு கூடுகிற கல்யாண மண்டபத்தையும் சொல்வார்கள். நான் சொல்வது 1997-ஐ. செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்திலிருந்து திருவள்ளூர் பிரிந்த வருஷம். எங்கள் வீட்டைச் சுற்றிப் பாதி வயல், பாதி பிளாட். நெல் அறுத்த தாளுக்கு நடுவே வெள்ளையடித்த எல்லைக் கற்கள் நின்றன. ராத்திரி படுத்தால் பெங்களூர் ரோட்டில் லாரி கியர் மாற்றுகிற சத்தம் கேட்கும். பகலில் அந்தச் சத்தம் கேட்காது, ஏனென்றால் பகலில் லேத் ஓடும்.

அந்த வருஷம் எனக்கு ஆறாம் வகுப்பு முடிந்து முழு ஆண்டு லீவு. பட்டறையில் என் வேலை மூன்று: தூக்கில் டீ வாங்கி வருவது, திருப்பூர் பனியன் வேஸ்ட்டைக் கிழித்துத் துடைக்கக் கொடுப்பது, சாயங்காலம் சுருள் பெருக்குவது. ஸ்டீலைக் கடைந்தால் நீலம் பாய்ந்த சுருள் வரும், தொட்டால் கையைக் கிழிக்கும். காஸ்டிங்கைக் கடைந்தால் சுருளே வராது, கருப்பாகப் பொடி கொட்டும். இரண்டையும் கலக்கக்கூடாது. காயலான் கடைக்காரர் இரண்டுக்கும் வேறு வேறு விலை போடுவார் என்பது பெரியப்பா சொன்ன காரணம். எனக்குத் தனிக் காரணம் இருந்தது. காஸ்டிங் பொடியில் ஒரு பொட்டலம் ஒளித்து வைத்தால் கார்த்திகைக்கு மாவலியில் சேர்க்கலாம், சுற்றும்போது பொறி இரண்டு பங்காகப் பறக்கும்.

வந்த வேலையெல்லாம் சாதாரண வேலைதான். போர்வெல் பம்பின் ஷாஃப்ட், கரும்பு ஜூஸ் மிஷினின் உருளை, லாரி புஷ், ஆட்டோ பின். அளவு சொல்லும்போது பெரியப்பா இரண்டு உலகத்தில் வாழ்ந்தார். லாரிக்காரர்களிடம் அங்குலக் கணக்கில் சூத்தும் தவ்வும், புது வண்டிக்காரர்களிடம் மில்லியும் பாயிண்ட்டும். ஒரு பாயிண்ட் என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. என் தலைமுடியைப் பிடுங்கி மைக்ரோமீட்டரில் வைத்து எனக்கு அளந்து காட்டியிருக்கிறார்: ஆறு பாயிண்ட் வந்தது. அவர் முடி எட்டு. அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை.

ரேஸ் கார் எங்கள் கொட்டகைக்கு வந்தது ரோட்டின் தயவால். இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் திறந்தது 1990-இல். ஊருக்குள்ளிருந்து அங்கே போகிற எந்த வண்டியும் வானகரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் டிரெய்லரில் ஏற்றியும், ஜீப்புக்குப் பின்னால் கயிறு கட்டியும் ஸ்டிக்கர் ஒட்டிய கார்களை இழுத்துப் போவார்கள். ஞாயிறு ராத்திரி அதே வண்டிகள் ஏதாவது ஒன்று இல்லாமல் திரும்பும். பம்பர் இல்லாமல், பானெட் இல்லாமல், சில சமயம் ஓட்டினவர் முகத்தில் சிரிப்பு இல்லாமல்.

பெரியப்பாவுக்கு ரேஸ் புதிதல்ல. அதற்கு முன்னால் மெட்ராஸில் ரேஸ் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம். 1953-இல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில்தான் வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் வழியாகச் சைக்கிள் மிதித்துப் போவாராம். எல்லாரும் வெயிலில் கயிற்றுக்குப் பின்னால் நின்று வண்டி பறப்பதைப் பார்க்க, இவர் மட்டும் ஓட்டம் நின்ற வண்டிகளைக் கழற்றுகிற இடத்துக்குப் போய் நிற்பார். "ஓடுற வண்டியில என்னடா தெரியும்? உடைஞ்ச வண்டியிலதான் விஷயம் இருக்கு" என்பார். கோயம்புத்தூர் கரிவரதன் பெயரை மட்டும் மரியாதையாகச் சொல்வார். பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்தவர், மாருதி 800-இன் எஞ்சினைப் பின்னால் வைத்து ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதி காரை நம் ஊரிலேயே செய்தவர். நரேன் கார்த்திகேயன் உட்பட ஒரு தலைமுறையே அதில் ஓட்டித்தான் பழகியது. 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தபோது, பேப்பரில் வந்த படத்தை வெட்டிப் பெரியப்பா டூல் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தார். பக்கத்தில் முருகன்.

எங்களிடம் வந்தவர் அண்ணா நகரைச் சேர்ந்த ஓர் அண்ணன். வசதியான வீடு, ஆனால் விரல் இடுக்கில் கிரீஸ். பெரியப்பாவை "மாஸ்டர்" என்பார். பெரியப்பா அவரைத் "தம்பி, நீங்க" என்பார். ஒரு மாருதி 800-ஐக் காலி செய்து, எஸ்டீமின் 1.3 லிட்டர் எஞ்சினை அதில் இறக்கியிருந்தார். 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், நாற்பது குதிரைத்திறனைத் தொடாதது இருந்த இடத்தில், அறுபத்தைந்து குதிரைத்திறன் உள்ள நாலு சிலிண்டர். அதையும் அவர் சும்மா விடவில்லை, ஹெட்டைச் சீவி, கார்புரேட்டர் மாற்றி, இன்னும் ஏற்றி வைத்திருந்தார். சீட் இல்லை, கதவு அட்டை இல்லை. ஸ்டார்ட் செய்தால் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் அதிரும். பெரியம்மா உள்ளேயிருந்து, "இந்தச் சனியனை ரோட்டுல வெச்சுப் பாருங்க" என்று கத்துவார்.

அந்த லீவில் ஒரு நாள் அவர் கொண்டுவந்தது வண்டியை இல்லை. சாக்கில் சுற்றிய ஓர் ஆக்சில். இரண்டு துண்டு.

முன்சக்கரம் இழுக்கிற வண்டி நம் தெருக்களில் சாதாரணமானது மாருதி 800 வந்த பிறகுதான். அதுவரை அம்பாசடர், பத்மினி எல்லாம் பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகள். முன்சக்கரமே இழுக்கவேண்டும், அதே சக்கரமே திரும்பவும் வேண்டும் என்றால், ஆக்சிலின் முனையில் எந்தக் கோணத்துக்கு மடங்கினாலும் ஒரே சீராகச் சுற்றுகிற மூட்டு வேண்டும். அதை 1920-களில் ஃபோர்டு கம்பெனியில் இருந்த ரெஸெப்பா என்ற இன்ஜினியர் யோசித்து வைத்தார்: ஒரு கிண்ணம், அதற்குள் ஆறு குண்டு, குண்டு உருள வளைந்த வாய்க்கால். 1959-இல் இங்கிலாந்தில் வந்த மினி கார் அதைச் சின்ன வண்டிக்குள் கொண்டுவந்தது. நம் மெக்கானிக்குகள் அதை சி.வி. ஜாயிண்ட் என்பார்கள். தேய்ந்தால், முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக்டக்கென்று அடிக்கும். அந்த மூட்டிலிருந்து வெளியே நீள்கிற தண்டில் பல் வெட்டியிருக்கும். அது சக்கரம் மாட்டுகிற ஹப்பின் உள்பல்லுக்குள் போய் உட்காரும், வெளியே நட்டு இறுக்கும். ஹப்பைப் பேரிங் தாங்கும், பேரிங்கை நக்கிள் தாங்கும். எஞ்சினில் பிறக்கிற முறுக்கெல்லாம் கியரில் பெருகி, கடைசியில் அந்தப் பல்லில்தான் வந்து நிற்கும்.

பெரியப்பா ஆக்சிலின் உடைந்த முகத்தை மண்ணெண்ணெயில் கழுவி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பல் ஆரம்பிக்கிற இடத்தில், நேர் குறுக்காக இல்லாமல் சாய்வாகச் சுற்றிக்கொண்டு உடைந்திருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் வழவழப்பு, அதில் கிளிஞ்சல் ஓட்டில் இருப்பதுபோல வரி வரியாக. மிச்சம் முழுக்கக் கரடு.

"இது அன்னைக்கு உடைஞ்சது இல்ல தம்பி. இந்த வரி இருக்குதே, அது ஒவ்வொரு தடவை நீங்க மிதிக்கறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டு வந்தது. கரடா இருக்கறது மட்டும்தான் கடைசி நாள் கணக்கு."

அப்புறம் என்னைப் பார்த்து, "சாக்பீஸ் இருக்கா?" என்றார். பையில் எப்போதும் இருக்கும். "ரெண்டு முனையும் பிடிச்சு முறுக்கு. மடக்காத, முறுக்கு." முறுக்கினேன். சாக்பீஸ் சாய்வாகச் சுற்றிக்கொண்டு உடைந்தது. கையில் ஆக்சிலின் முகத்தை வைத்துக்கொண்டு சாக்பீஸின் முகத்தைப் பார்த்தேன். ஒரே சாய்வு. பிற்பாடு காலேஜில் இதைப் போர்டில் அம்புக்குறி போட்டு, நாற்பத்தைந்து டிகிரியில் இழுவிசை அதிகபட்சம் என்று நடத்தினார்கள். பக்கத்தில் இருந்தவன் எழுதிக்கொண்டான். எனக்கு எழுதத் தோன்றவில்லை.

கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 800 சிசி எஞ்சினுக்காகச் செய்த ஆக்சிலில் அண்ணன் வேறு எஞ்சினைக் கட்டியிருந்தார், ரோட்டை விடாமல் பிடிக்கிற டயரும் போட்டிருந்தார். சக்கரம் வழுக்கினால் ஆக்சில் பிழைத்துக்கொள்ளும். வழுக்காவிட்டால் முறுக்கு முழுவதையும் அதுதான் வாங்கும். அதனால் அண்ணன் முடிவு செய்துவிட்டிருந்தார்: எஸ்டீமின் தடித்த ஆக்சிலைப் போடுவது. அதன் பல் 800-இன் ஹப்புக்குள் நுழையாது. எஸ்டீம் ஹப்பை எடுத்தால் அது 800-இன் பேரிங்குக்குள் நுழையாது. ஆகவே எஸ்டீம் ஹப்பின் வெளிப்பக்கத்தைக் கடைந்து சின்னதாக்கி, சின்ன பேரிங்குக்குள் தள்ளிவிட வேண்டும். அரை நாள் வேலை. முழு நக்கிளையே மாற்றலாமே என்று பெரியப்பா கேட்டதற்கு, சஸ்பென்ஷன் பிடிக்கிற இடமெல்லாம் ஒத்துவராது, ஸ்டீயரிங் கெட்டுவிடும் என்றார்.

பெரியப்பா என்னிடம் ஒரு கணக்கு போடச் சொன்னார். "இருபதை மூணு தடவை பெருக்கு. அப்புறம் இருபத்தஞ்சை மூணு தடவை." எட்டாயிரம். பதினையாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து. "பார்த்தீங்களா தம்பி. இருபது மில்லி தண்டை இருபத்தஞ்சு ஆக்கினா கால் பங்குதான் தடிப்பு கூடுது. முறுக்குத் தாங்கறது ஏறக்குறைய ரெண்டு பங்கு. அதனால ஆக்சிலை மாத்தறது நல்ல யோசனைதான்." அண்ணன் முகம் மலர்ந்தது. பெரியப்பா குனிந்து, சிமெண்டுத் தரையில் என் உடைந்த சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். உள்ளே இன்னொரு வட்டம். "இது பேரிங் உட்கார்ற இடம். இது பல்லு. நீங்க உள்வட்டத்தைப் பெருசாக்கறீங்க. வெளிவட்டத்தைச் சின்னதாக்கச் சொல்றீங்க. நடுவுல என்ன மிச்சம்?"

அண்ணன் பேசவில்லை.

"ஆக்சில் உடைஞ்சா என்ன ஆகும்? வண்டி நிக்கும். நீங்க இறங்கி, திட்டிட்டு, கயிறு கட்டி இழுத்துட்டு வருவீங்க. ஹப்பு உடைஞ்சா? சக்கரம் தனியாப் போகும். நேர் ரோட்டு முடிஞ்சு, முதல் வளைவுல, வெளிப்பக்கச் சக்கரம்."

அந்தக் கொட்டகையில் நான் கற்றுக்கொண்ட எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது. ஒன்றைப் பலப்படுத்துவதற்கு முன்னால், எது முதலில் உடையவேண்டும் என்று முடிவு செய்துகொள்ளவேண்டும். எதுவுமே உடையாத வண்டி கிடையாது. ஹப்பின் கஷ்டம் முறுக்கு மட்டுமில்லை. வளைவில் வண்டியின் பாரம் வெளிச்சக்கரத்தில் சாயும்போது ஹப் வளைகிறது, சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தடவை. சின்ன காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். இருங்காட்டுக்கோட்டையின் முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு லேப்புக்கு இரண்டாயிரத்து இருநூறு தடவைக்குப் பக்கம் அந்த மெல்லிய சுவர் முன்னும் பின்னும் மடங்கி நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி உடைத்த எவருக்கும் மிச்சம் தெரியும்.

"அப்ப என்ன பண்ணலாம் மாஸ்டர்?"

"ஹப்பை விட்டுடுங்க. நக்கிளைப் பெருசாக்கலாம். பெரிய ஹப்பு, பெரிய பேரிங்கு, அது உட்கார்ற குழியை நான் போர் பண்ணித் தரேன். சுவத்துல சதை இருக்கான்னு பார்க்கணும். ரெண்டு நாள், மூணு நாள் ஆகும்."

"வேற இடத்துல அரை நாள்ல கடைஞ்சு தரேன்றாங்க."

"போய்க் கடைஞ்சுக்கோங்க. என்கிட்ட வந்ததா மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

போனார். அந்த வாரமே திரும்பி வந்தார், இரண்டு நக்கிளோடு. போன இடத்தில் என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, பெரியப்பாவும் கேட்கவில்லை.

நக்கிள் என்பது லேத்துக்கு வேண்டாத உருவம். உருளையாக இருந்தால் சக்கில் பிடிக்கலாம். இதுவோ ஒரு பக்கம் ஸ்டீயரிங் கை நீட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் காது வைத்துக்கொண்டு, எந்தத் தாடைக்கும் அகப்படாதது. பெரியப்பா சக்கைக் கழற்றிவிட்டு ஃபேஸ் பிளேட்டை மாட்டினார். காடியெல்லாம் வெட்டிய பெரிய தட்டையான இரும்பு வட்டு அது. வருஷத்தில் பாதி நாள் அதன்மேல் பெரியம்மா வடாம் காயவைப்பார். நக்கிளை அதன்மேல் போல்ட் போட்டுப் பிடித்து, பழைய குழியின் மையமும் லேத்தின் மையமும் ஒன்றாகும்வரை தட்டித் தட்டி நகர்த்தினார். அதற்கு டயல் கேஜ். மரப்பெட்டிக்குள் பட்டுத்துணியில் படுத்திருக்கும் மிட்டுடோயோ. வீட்டில் அதைத் தொட அனுமதி உள்ளவர் அவர் ஒருவர்தான். முள்ளைக் குழிக்குள் விட்டு, கையால் ஃபேஸ் பிளேட்டைச் சுற்றுவார். முள் ஆடும். பித்தளைச் சுத்தியால் ஒரு தட்டு. மறுபடி சுற்று. நான் டீ வாங்கப் போய்த் திரும்பியபோதும் அதே தட்டு, அதே சுற்று. கடைசியில் முள் ஒரு கோட்டுக்குள் நடுங்கி நின்றபோது, "வந்துட்டான்" என்றார். மையத்தை அவர் எப்போதும் ஆளாகத்தான் சொல்வார்.

ஒரு பக்கம் கனம் கூடின நக்கிளைச் சுற்றினால் லேத்தே குதிக்கும். எதிர்ப்பக்கம் ஒரு பழைய கியர் வட்டைக் கட்டி, கையால் சுற்றிவிட்டு, எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தரையில் ஒரு கோடு போட்டு, "லேத் ஓடறப்ப இதைத் தாண்டினே, அடுத்த வருஷம் ஸ்கூலுக்கு நீ ஒரு கையோடதான் போவே" என்றார். ஸ்டீயரிங் கை சுற்றும்போது கண்ணுக்கு நிழலாகத்தான் தெரிந்தது. மெதுவான வேகத்திலும்கூட அதன் காற்று என் முட்டியில் பட்டது. கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றேன். பொடி கொட்டிக்கொண்டே இருந்தது. கூலண்ட் ஊற்றவில்லை, காஸ்டிங்குக்கு ஊற்றினால் பொடி சேறாகி எல்லாவற்றையும் தேய்த்துவிடும். அன்றைக்கு அவர் மூக்கைச் சிந்தியதும் கருப்பு, துப்பியதும் கருப்பு.

கடைசிக் கட்டை அன்றே போடவில்லை. "வெயில்ல கூரை காயுது. இரும்பும் காயும். காலையில பார்ப்போம்." அறுபது மில்லிமீட்டர்ச் சொச்சக் குழி பத்து டிகிரி சூட்டில் அரைப் பாயிண்ட்டுக்கு மேல் விரியும். பேரிங் பிடித்து நிற்கவேண்டிய இறுக்கமே சில பாயிண்ட்தான். அதில் சூட்டுக்குப் பங்கு கொடுக்க அவர் தயாரில்லை. விடிந்தும் விடியாததுமாகத் தலைக்கு மஃப்ளர் கட்டிக்கொண்டு, டெலஸ்கோப் கேஜைக் குழிக்குள் விட்டு, வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் உணர்ந்து அளந்தார். ஏன் கண்ணை மூடுகிறீர்கள் என்று கேட்டேன். "கண்ணு பொய் சொல்லும்டா, வேணும்ன்ற அளவைத்தான் பார்க்கும்" என்றார். அப்புறம் ஒரே ஒரு கட்டு. உள்ளே ஒரு சின்ன மேடை விட்டு நிறுத்தினார், பேரிங் அதன்மேல் முட்டவேண்டும். வெளிப்பக்கம் சர்க்கிளிப்புக்கு ஒரு காடி.

ஹப்பிலும் வேலை இருந்தது, ஆனால் அவர் சம்மதித்த இடத்தில் மட்டும். பேரிங் உட்காரும் பகுதியைத் தொடவில்லை. சக்கரம் உட்காரும் முகத்தை மட்டும் கொஞ்சம் வாங்கினார், 800-இன் பிரேக் டிஸ்க் காலிப்பருக்கு நடுவில் வந்து நிற்பதற்காக. தண்டும் முகமும் சேர்கிற மூலையை எனக்கு விரலால் தடவிக் காட்டினார். அங்கே கூர்மூலை இல்லை, மெல்லிய வளைவு. "இதைச் சுத்தமா இருக்கட்டும்னு எவனாவது கூரா வெட்டினான்னா, விரிசலுக்கு அவனே வழி போட்டுக் கொடுத்துட்டான்னு அர்த்தம்."

போல்ட் ஓட்டைகளை 800-இன் அளவுக்குப் புதிதாகப் போடவேண்டும், நான்கு. பட்டறைச் சுவரில், காலண்டருக்குக் கீழே, கரியால் எழுதிய ஒரு வரிசை என் நினைவு தெரிந்த நாளிலிருந்து இருந்தது: 3-க்கு 0.866, 4-க்கு 0.707, 5-க்கு 0.588, 6-க்கு 0.5. நான் அதை யாரோ கொடுக்கவேண்டிய பாக்கி என்றே நினைத்திருந்தேன். வட்டத்தின் விட்டத்தை அந்த எண்ணால் பெருக்கிக் கவராயத்தை விரித்தால், ஓட்டைக்கு ஓட்டை அதுதான் தூரம். கவராயம் வட்டத்தைச் சுற்றி வந்து புறப்பட்ட புள்ளியிலேயே காலை ஊன்றியது. மூன்று வருஷம் கழித்து சைன் அட்டவணையில் 0.707-ஐப் பார்த்தபோது வகுப்பில் நான் சத்தமாகச் சிரித்து, வெளியே நின்றேன்.

பேரிங் ஏற்றுவதில் பெரியம்மாவுக்கும் பங்கு உண்டு, அவர் விரும்பாமலேயே. புது பேரிங்குகளை பாலிதீன் பையில் கட்டி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார் பெரியப்பா. குளிர்ந்தால் சுருங்கும். நக்கிளை மொட்டை வெயிலில் தகரத்தின்மேல் வைத்தால் விரியும். இரண்டும் ஒன்றையொன்று பாதிவழியில் சந்திக்கட்டும் என்பது திட்டம். காலையில் பெரியம்மா ஐஸ் எடுக்கப்போய், "என் வீட்டு ஃபிரிட்ஜுல இரும்பு விளையுது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கைப் பிரஸ்ஸில் வைத்து அழுத்தும்போது வெளி வளையத்தில் மட்டுமே பாரம் படும்படி ஒரு குழாய்த் துண்டு கடைந்து வைத்திருந்தார். உள் வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பாதையில் தடம் பதித்துவிடும், புது பேரிங் முதல் நாளே ஊளையிடும். பேரிங் உள்ளே போய் மேடையில் முட்டியபோது சத்தம் மாறியது. எனக்கே தெரிந்தது.

"இன்னொன்னு தம்பி. ஆக்சில் போட்டு நட்டு இறுக்காம வண்டியை ஒரு அடி தள்ளக்கூடாது. ஹப்பையும் பேரிங்கையும் பிடிச்சு வெச்சிருக்கறதே அந்த நட்டுதான்."

டிராக்கில் பிராக்டீஸ் நாளுக்கு அண்ணன் எங்களையும் கூட்டிப்போனார். ஜீப்பின் பின்னால் நானும் பெரியப்பாவும் டூல் பெட்டியும். பூந்தமல்லி, நசரத்பேட்டை, இடதுபுறம் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஃபேக்டரிக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, கிரேன்களைப் பார்த்துக்கொண்டே வந்ததில் டிராக் வந்ததே தெரியவில்லை. உள்ளே புல், தூசி, டயர் கருகும் வாசனை, மைக்கில் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அண்ணன் சில லேப் ஓட்டிவிட்டு வருவார். மற்றவர்கள் எல்லாரும் ஸ்டாப் வாட்ச்சைப் பார்ப்பார்கள். பெரியப்பா நேராக முன்சக்கரத்துக்குப் போவார். புறங்கையை ஹப்பின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார், இடது வலது ஒரே சூடா என்று. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார், கையால் சுற்றிக் காதைக் கொடுப்பார். ஆட்டம் இல்லை, ஊளை இல்லை. அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, வளைவிலிருந்து வெளியே வரும்போது இப்போது காலை முழுசாக ஊன்ற முடிகிறது மாஸ்டர், பிடுங்கிக்கொண்டு போகிறது என்று கைகளை விரித்துக் காட்டினார். பெரியப்பா, "ம்" என்றார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. எதையோ எதிர்பார்த்து நிற்கிற முகம்.

மத்தியானம் பிட்டிலிருந்து கிளம்பும்போது கிளட்ச்சை விட்டதும் டமாரென்று ஒரு சத்தம், பிறகு கல் அரைக்கிற சத்தம். வண்டி நாலடி நகர்ந்து நின்றது. தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெரியப்பா ஆக்சிலைத் தொட்டுப் பார்த்தார், முழுசாக இருந்தது. ஹப்பைப் பார்த்தார். கீழே படுத்து, கியர்பாக்ஸின் டிரெயின் நட்டைக் கழற்றி, ஆயிலை ஒரு தட்டில் பிடித்தார். ஆயிலோடு ஏதோ ஒன்று தட்டில் விழுந்து மணியடித்தது. எடுத்துத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். டிஃபரன்ஷியல் பல், ஒன்றரை.

அண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆக்சில் தாங்கிடுச்சு. இப்ப இது போயிடுச்சு."

"போகும்னு தெரியும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்."

"சொல்லியிருந்தா பழைய ஆக்சிலையே போட்டிருப்பீங்களா?"

அண்ணன் யோசித்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு சிரித்துவிட்டார். இதற்கும் பலமான பல் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

"அது என் வேலை இல்ல. கியர் வெட்ட எஸ்டேட்டுல ஆள் இருக்கு, இடம் சொல்றேன்" என்ற பெரியப்பா, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்தார். "அதுக்கு முன்னாடி நக்கிள் ரெண்டுக்கும் என் பாக்கியை முடிச்சிடுங்க. ஃபிரிட்ஜு கரண்ட்டுன்னு உங்க அக்கா தனியா ஒரு கணக்கு எழுதியிருக்கா, அதையும் சேர்த்துப் பார்த்துக்கோங்க."